உப்பு வெளியில் பறந்த கிழவர்!

களியக்காவிளை சந்திப்பில் இருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறை. தகரக் கூரை. முன்னால் ஒரு பலா மரம். மேற்கே சிறிது போனால் பாறசாலை, அது கேரளம். கிழக்கே போனால் குழித்துறை, மார்த்தாண்டம். இரண்டு ராஜ்யத்து வண்டிகளும் அந்தப் பலா மர நிழலில்தான் வந்து நிற்கும். பாதிப் பேர் தமிழில் குறை சொல்லுவார்கள். மீதிப் பேர் மலையாளத்தில் சொல்லுவார்கள். மெக்கானிக் இரண்டையும் கேட்டுக்கொண்டு, மூன்றாவது பாஷையான என்ஜின் சத்தத்தைத்தான் நம்புவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் வண்டியின் கிளட்ச் கம்பி அறுந்துபோய், அங்கே ஒதுங்க நேர்ந்தது.

அப்போது ஒரு வாலிபர் வந்தார். இருபது, இருபத்தொரு வயது இருக்கும். புத்தம் புது பந்தய ரக மோட்டார் சைக்கிள். அதற்கு "பிக்கப்" போதவில்லையாம். சைலன்சரை மாற்ற வேண்டும், சங்கிலி ஓடும் பல்சக்கரத்தை மாற்ற வேண்டும், காற்று வடிகட்டியை எடுத்துவிட வேண்டும், என்ஜினுக்கு உத்தரவு போடும் கம்ப்யூட்டரையும் திருத்த வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். எத்தனை குதிரை சக்தி கூடும், எவ்வளவு செலவாகும், சாயங்காலத்துக்குள் கிடைக்குமா என்று கேட்டார்.

மெக்கானிக் பதில் சொல்லவில்லை. கையில் இருந்த ஸ்பானரால் சுவரைக் காட்டினார்.

சுவரில் ஒரு படம். சிவப்பு நிறத்தில், மீனைப் போல் நீண்ட ஒரு கூடு. அதற்குள் குப்புறப் படுத்தபடி ஒரு கிழவர்.

வாலிபருக்கு அது யார் என்று தெரியவில்லை. படத்தைப் பார்த்துச் சிரித்தார்.

அந்தக் கிழவருடைய கதைதான் இது. அவர் பெயர் பர்ட் மன்றோ. மணிக்கு 55 மைல் ஓடிய ஒரு வண்டியை, 184 மைல் ஓட வைத்தவர். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட காலம், ஒரு சாயங்காலம் அல்ல. 40 ஆண்டுகளுக்கு மேல்!

தெற்குக் கோடியில் பிறந்தவர்

நமக்குக் கன்னியாகுமரி எப்படியோ, நியூசிலாந்துக்கு இன்வர்கார்கில் அப்படி. தேசத்தின் தெற்குக் கோடியில் இருக்கும் நகரம் அது. அங்கே 1899-ம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி பர்ட் மன்றோ பிறந்தார். ஹெர்பர்ட் ஜேம்ஸ் மன்றோ என்பது முழுப் பெயர். இரட்டைக் குழந்தைகள். உடன் பிறந்த பெண் குழந்தை பிறக்கும்போதே இறந்துவிட்டது.

தகப்பனார் விவசாயி. எடண்டேல் என்ற ஊரில் பண்ணை வைத்திருந்தார். பையனுக்கு ஏர், மாடு, அறுவடை எதிலும் மனம் ஒட்டவில்லை. பண்ணையில் எந்தக் குதிரை வேகமாக ஓடுமோ, அதன் முதுகில்தான் அவர் இருப்பார். தகப்பனாருக்கு அது பிடிக்காது.

முதல் உலகப் போர் மூண்டபோது, வயது வந்ததும் பட்டாளத்தில் சேர்ந்து உலகத்தைப் பார்த்துவிடலாம் என்று கனவு கண்டார். அதற்குள் போர் முடிந்துவிட்டது. தகப்பனார் பண்ணையை விற்றார். மன்றோ, ஓட்டிரா என்ற இடத்தில் மலையைக் குடைந்து ரெயில் பாதை போடும் வேலைக்குப் போனார். தகப்பனார் வேறொரு பண்ணை வாங்கியதும் திரும்ப அழைத்துக்கொண்டார்.

இந்தச் சமயத்தில்தான், 1920-ம் ஆண்டு, அவர் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார்.

அவருக்கு வயது 21. அந்த வண்டியின் பெயர் இந்தியன்!

இந்தியன் என்று ஒரு வண்டி

பெயரைக் கேட்டு நாம் மார் தட்டிக்கொள்ள இடம் இல்லை. அது அமெரிக்க வண்டி. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்பீல்டு நகரத்துத் தொழிற்சாலையில் செய்தது. அமெரிக்காவின் பூர்வ குடிகளான செவ்விந்தியரை நினைத்து வைத்த பெயர். அந்த நாளில் உலகத்தின் பெரிய மோட்டார் சைக்கிள் கம்பெனிகளில் அதுவும் ஒன்று. 1953-ல் அந்தத் தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்திவிட்டது. அந்தப் பெயரை வேறு கம்பெனிகள் பின்னால் வாங்கி, இப்போது புது வண்டிகள் வருகின்றன.

மன்றோ வாங்கிய ரகம் ஸ்கவுட். ஆங்கில "வி" எழுத்தைப் போல் சாய்ந்த இரண்டு சிலிண்டர்கள். கொள்ளளவு 600 சி.சி. கியர் மூன்று. முழு மூச்சாகத் திருகினால் மணிக்கு 55 மைல். அதாவது 89 கிலோமீட்டர். இன்றைக்குக் களியக்காவிளையில் இருந்து திருவனந்தபுரத்துக்கு ஆபீஸ் போகிறவர்களின் ஸ்கூட்டரே ஏறத்தாழ அந்த வேகம் போகும்.

1920-ல் அது நல்ல வேகம். ஆனால் மன்றோவுக்குப் போதவில்லை.

வேறொருவராக இருந்தால், இதைவிட வேகமான வண்டி வாங்கியிருப்பார். மன்றோவிடம் பணம் இல்லை. 1926-ல் அவர் அந்த வண்டியையே பிரித்தார். அதன் பிறகு அந்த வண்டி முழுதாக மூடிக் கிடந்த நாட்களைவிட, பிரித்துக் கிடந்த நாட்கள்தான் அதிகம்.

(நம் கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடுவின் கதை நினைவுக்கு வருகிறது அல்லவா? ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து, அதை விலைக்கு வாங்கி, அக்கக்காகக் கழற்றிப் பூட்டியவர் நாயுடு. அவர் அந்த வண்டியோடு நிற்கவில்லை. பஸ், மின்சார மோட்டார், சவர பிளேடு என்று போய்க்கொண்டே இருந்தார். மன்றோ அதற்கு நேர்மாறு. கடைசி வரை ஒரே வண்டி!)

அரமும் தகர டப்பாவும்

பகலெல்லாம் வேலை. மோட்டார் சைக்கிள் விற்பனையாளராகவும், மெக்கானிக்காகவும் சம்பாதித்தார். ராத்திரி பட்டறை. விடிய விடிய என்ஜினோடு மல்லுக்கட்டு. பிறகு குளித்துவிட்டு மறுபடியும் வேலை.

அவர் பட்டறையில் என்ன இருந்தது? லேத்து எந்திரங்களும் அளவுக் கருவிகளும் வரிசையாக இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? அரம் இருந்தது. பழைய தகர டப்பாக்கள் இருந்தன. உலோகத்தை உருக்கி, அந்த டப்பாக்களையே அச்சாக வைத்து, உறுப்புகளை வார்த்துக்கொண்டார். மயிரிழை கனத்தை அளக்க மைக்ரோமீட்டர் என்ற கருவி வேண்டும். அவர் அதற்குப் பதிலாகச் சக்கரத்தின் பழைய ஆரக்கம்பி ஒன்றைத் தீட்டி வைத்துக்கொண்டு அளந்தார்!

பிஸ்டன் சொந்த வார்ப்பு. சிலிண்டருக்கு, எரிவாயு கொண்டுபோகும் பழைய இரும்புக் குழாய். பறக்கும் சக்கரம் சொந்தக் கைவேலை. பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் தண்டு இருக்கிறதே, கனெக்டிங் ராடு, அதற்கு அவர் போன வழிதான் விசித்திரம். ஒரு காட்டர்பில்லர் டிராக்டரின் அச்சு அவருக்குக் கிடைத்தது. நல்ல உருக்கு. அதை அறுத்து, அரத்தால் ராவி ராவியே தண்டாக ஆக்கினார். பிறகு சூடேற்றிப் பதம் போட்டார். கத்திக்குப் பதம் போடுகிற கொல்லர்களுக்கு இந்த வேலையின் அருமை தெரியும். ஒரு தண்டை ராவி முடிக்க எத்தனை இரவுகள் ஆகும் என்பதும் தெரியும்.

குதிரை சக்தி எங்கே இருந்து வருகிறது?

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று, அவர் செய்தது என்ன என்று பார்ப்போம். பட்டறை வாலிபருக்கும் இது பயன்படும்.

என்ஜின் என்பது ஒரு மூச்சு விடும் எந்திரம். காற்றையும் பெட்ரோலையும் உறிஞ்சி, அமுக்கி, எரித்து, புகையை வெளியே தள்ளுகிறது. ஒரு நிமிடத்தில் எவ்வளவு காற்றை உள்ளே இழுத்து முழுதாக எரிக்கிறதோ, அவ்வளவு சக்தி. ஆகவே சக்தியைக் கூட்ட வழிகள் சிலதான். மூச்சுப் பையைப் பெரிதாக்கலாம். மூச்சு எளிதாகப் போய்வர வழி செய்யலாம். இன்னும் அதிகமாக அமுக்கலாம். மூச்சின் வேகத்தைக் கூட்டலாம். உள்ளே உராய்வில் வீணாவதைக் குறைக்கலாம்.

மன்றோ இவை எல்லாவற்றையும் செய்தார்.

சிலிண்டரைப் பெரிதாக்கினார். 600 சி.சி. என்ஜின், கடைசியில் 950 சி.சி. ஆயிற்று.

அந்தக் காலத்து ஸ்கவுட்டில், காற்று போய்வரும் வால்வுகள் சிலிண்டரின் பக்கவாட்டில் இருந்தன. காற்று வளைந்து நெளிந்து போக வேண்டும். சந்து வழியே திருவிழாக் கூட்டம் போகிற மாதிரி. மன்றோ வால்வுகளைத் தூக்கி சிலிண்டரின் தலைக்கு மேலே வைத்தார். இப்போது காற்றுக்கு நேர்வழி. எரியும் அறையும் சின்னதாயிற்று; அமுக்கம் கூடிற்று. வால்வுகளைத் திறந்து மூட நான்கு கேம்களைத் தாமே வடிவமைத்தார். எந்த வால்வு எந்தக் கணத்தில் திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதில்தான் என்ஜினின் குணமே இருக்கிறது.

பழைய முறையில் என்ஜினுக்குள் போகும் எண்ணெய், ஒரு தடவை போனால் போனதுதான். எரிந்து வீணாகும். அவர் அதையும் மாற்றிப் புது எண்ணெய் ஓட்டம் அமைத்தார். கூடின சக்தியைத் தாங்கப் பழைய கிளட்ச் போதாது. 17 தட்டுகள் கொண்ட புது கிளட்ச் செய்தார். பின் சக்தியைக் கடத்த மூன்று வரிச் சங்கிலி.

ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று உடையும். இதுதான் எல்லாப் பட்டறைகளிலும் நடக்கிற கதை. என்ஜினின் சுழற்சியை இரண்டு மடங்கு ஆக்கினால், அந்தத் தண்டை இழுத்துக் கிழிக்கிற விசை இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு ஆகிறது. டிராக்டர் அச்சைத் தேடி மன்றோ போனதற்குக் காரணம் அதுதான்.

சங்கிலிப் பல்சக்கரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. முன் சக்கரத்தில் ஒரு பல்லைக் குறைத்தாலோ, பின் சக்கரத்தில் சில பற்களைக் கூட்டினாலோ, வண்டி நின்ற இடத்தில் இருந்து துள்ளிக்கொண்டு கிளம்பும். வாலிபர்கள் சொல்லும் "பிக்கப்" அதுதான். ஆனால் உச்ச வேகம் குறைந்துபோகும். என்ஜின் அதே என்ஜின். குதிரை சக்தி ஒரு இம்மியும் கூடவில்லை. இதைச் சொல்லாமல் காசு வாங்குகிறவர்களும் உண்டு.

வேகத் தெய்வத்துக்குக் காணிக்கை

மன்றோவின் என்ஜின் எத்தனை தடவை வெடித்தது என்பதற்குக் கணக்கு இல்லை. பிஸ்டன் உருகும். தண்டு ஒடியும். சிலிண்டர் பிளக்கும். மாதக் கணக்கில் ராவிச் செய்தது, ஒரு நொடியில் இரும்புத் துண்டாகச் சிதறும்.

அவர் அந்தத் துண்டுகளை எறியவில்லை. பட்டறையில் ஒரு அலமாரித் தட்டு. உடைந்தவை எல்லாம் அங்கே வரிசையாக ஏறின. வேகத் தெய்வத்துக்குக் காணிக்கை என்று அதற்கு மேல் எழுதியும் வைத்தார். நேர்த்திக்கடனாக வெள்ளியில் கண்ணும் காலும் செய்து கோயிலில் போடுகிற நமக்கு, அந்தத் தட்டு புதிதாகத் தோன்றாது. ஒவ்வொரு உடைந்த துண்டும் அவருக்கு ஒரு பாடம். எங்கே மெலிந்திருந்தது, எங்கே சூடு ஏறியது என்று பார்த்துப் பார்த்து, அடுத்ததை வேறு மாதிரி செய்வார்.

இன்வர்கார்கிலுக்குப் பக்கத்தில் ஒரெட்டி என்று ஒரு கடற்கரை. மைல் கணக்கில் நீண்ட, இறுகிய மணல். அதுதான் அவருடைய சோதனைக் களம். 1938-ல் முதல் தடவையாக நியூசிலாந்தின் வேகச் சாதனை ஒன்றை ஏற்படுத்தினார். அதன் பிறகு இன்னும் ஏழு சாதனைகள்.

வெலோசெட் என்ற இங்கிலீஷ் வண்டி ஒன்றையும் வைத்துக்கொண்டு அதையும் இதே மாதிரி படுத்தி எடுத்தார். ஆனால் மூத்தாள் ஸ்கவுட்தான்.

குடும்பம் என்ன ஆயிற்று?

வேகத் தெய்வம் வாங்கிய காணிக்கை, உடைந்த பிஸ்டன் மட்டும்தானா?

மன்றோவுக்கு மனைவி இருந்தார். நான்கு குழந்தைகள் இருந்தார்கள். பகலில் வேலை, இரவில் பட்டறை, ஞாயிற்றுக்கிழமை பந்தயம் என்றால், வீட்டில் அவர் எப்போது இருப்பார்? 1940-களின் கடைசியில் மணவாழ்க்கை முறிந்தது. வேலையையும் விட்டார். வண்டி நிறுத்துகிற ஒரு கொட்டகையில் போய்க் குடியேறினார். ஒரு பக்கம் படுக்கை. மறு பக்கம் இந்தியன். நடுவில் அலமாரி.

வீரர்களின் கதையை எழுதுகிறவர்கள் இந்த இடத்தை ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். கொட்டகையில் விளக்கு எரிந்த எத்தனையோ இரவுகளில், வீட்டில் நான்கு குழந்தைகள் தகப்பன் இல்லாமல் தூங்கியிருக்கிறார்கள். அதை வேகத்தின் கணக்கில் சேர்ப்பதா, வேறு கணக்கில் எழுதுவதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் பிற்காலத்தில் அந்தக் குழந்தைகளில் ஒருவர் தகப்பனாருக்குச் செய்த ஒரு காரியத்தைக் கடைசியில் சொல்லுகிறேன்.

உப்பு வெளி

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் பான்வில் என்ற இடம். ஆதி காலத்தில் அது ஒரு பெரிய ஏரி. தண்ணீர் வற்றிவிட்டது, உப்பு மட்டும் பாறையாக இறுகிக் கிடக்கிறது. குமரி மாவட்டத்துப் புத்தளம், சாமித்தோப்பு உப்பளங்களைப் பார்த்தவர்கள், அந்த வெள்ளையை அடிவானம் வரை நீட்டி மனதில் வைத்துக்கொள்ளலாம். மரம் இல்லை, மேடு இல்லை, வளைவு இல்லை. உலகத்தில் வேகச் சாதனை செய்ய விரும்புகிறவர்களுக்கெல்லாம் அதுதான் காசி, ராமேசுவரம்.

மன்றோ அங்கே மொத்தம் பத்து தடவை போனார். முதல் தடவை வெறுமனே வேடிக்கை பார்க்க. அதன் பிறகு வண்டியோடு.

அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இருதய நோய் வேறு. பூமியின் ஒரு கோடியில் இருந்து மறு கோடிக்குப் பசிபிக் மாகடலைத் தாண்டிப் பிரயாணம். மற்றவர்கள் பெரிய கம்பெனிகளின் ஆதரவோடு, பளபளக்கும் எந்திரங்களோடு வந்து நின்றார்கள். இவர், தகர டப்பாவில் வார்த்த பிஸ்டனோடு போய் நின்றார்!

அங்கே ஒரு பெரிய எதிரி அவருக்காகக் காத்திருந்தது. காற்று.

வண்டி ஓடும்போது எதிர்க்கும் காற்றைப் பிளக்க வேண்டிய சக்தி, வேகத்தோடு சமமாக ஏறுவது இல்லை. வேகம் இரண்டு மடங்கானால், சக்தி எட்டு மடங்கு வேண்டும். 55 மைலில் ஓடிய அதே உருவத்தை 184 மைலில் ஓட்ட, காற்றுக்கு மட்டும் கிட்டத்தட்ட 37 மடங்கு சக்தி தேவை. எந்த வித்தை செய்தாலும் அந்தப் பழைய என்ஜினில் இருந்து அதைக் கறக்க முடியாது. ஆகவே உருவத்தையே மாற்ற வேண்டும்.

மன்றோ மீனைப் போன்ற ஒரு கூட்டைச் செய்து, வண்டியையும் தம்மையும் அதற்குள் அடைத்துக்கொண்டார். நிமிர்ந்து உட்கார இடம் இல்லை. நெஞ்சை வண்டியோடு ஒட்டி, தலையைத் தாழ்த்தி, முகவாய் கிட்டத்தட்ட என்ஜின் மேல் இருக்கும்படி படுக்க வேண்டும். பக்கக் காற்று அடித்தால் கூட்டைப் பிடித்துத் தள்ளும். பிரேக்கை நம்பிப் பயன் இல்லை. வேகம் தானாகக் குறையும் வரை ஓட வேண்டியதுதான். அதற்கு உப்பு வெளியில் இடம் இருந்தது.

1962-ம் ஆண்டு. மன்றோவுக்கு வயது 63. என்ஜின் 850 சி.சி. 883 சி.சி. வகுப்பில் ஓடினார்.

மணிக்கு ஏறத்தாழ 179 மைல்! 288 கிலோமீட்டர். அது சாதனை ஆயிற்று.

1966-ல் மறுபடியும் ஒரு சாதனை. 168 மைல்.

1967

பான்வில் சட்டப்படி, ஒரு தடவை பறந்து காட்டினால் சாதனை ஆகாது. போகும்போது ஒரு வேகம், எதிர்த் திசையில் வரும்போது ஒரு வேகம். இரண்டின் சராசரிதான் கணக்கு. காற்று முதுகில் தள்ளிய தயவில் யாரும் வீரர் ஆகிவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு.

1967-ல் என்ஜினை 950 சி.சி.யாக்கிக்கொண்டு மன்றோ போனார். வயது 68. வண்டிக்கு வயது 47. தகுதி ஓட்டத்தில் ஒரு பக்கமாக 190.07 மைல் வேகம் பதிவாயிற்று. 1,000 சி.சி.க்கு உட்பட்ட வகுப்பில் 183.59 மைல் என்று சாதனை எழுதினார்கள். சாதனைக் கணக்கில் சேராத ஒரு ஓட்டத்தில் அவர் 205.67 மைலைத் தொட்டதாகவும் சொல்லப்படுகிறது. கிலோமீட்டரில் 331.

அந்த ஆண்டுதான் மரணம் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது வண்டி நடுங்க ஆரம்பித்தது. முன் சக்கரம் இடமும் வலமுமாக உதறியது. வேகத்தைக் குறைக்க, கூட்டில் இருந்து உடம்பை மெல்ல மேலே தூக்கினார். காற்றை நெஞ்சில் வாங்கினால் அதுவே பிரேக்காகும் என்பது எண்ணம். காற்று கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. விழிகளைக் குழிக்குள் தள்ளியது. கண் தெரியவில்லை! எதிரே வெள்ளை; எல்லாப் பக்கமும் வெள்ளை. பாதையை விட்டு விலகிவிட்டோம் என்பது மட்டும் தெரிந்தது.

அவர் வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வைத்தார். உப்பின் மேல் உரசிக்கொண்டே போய், வண்டி நின்றது. சில சிராய்ப்புகள். அவ்வளவுதான்.

இப்படிப் படிக்கும்போது இது ஒரு வேடிக்கை போல் இருக்கும். வேடிக்கை அல்ல. மைல் கணக்கில் மேடு பள்ளம் இல்லாத உப்பு வெளி என்பதால் அவர் பிழைத்தார். குழித்துறைப் பாலத்திலோ, எதிரே லாரி வருகிற களியக்காவிளை வளைவிலோ அதே நடுக்கம் வந்திருந்தால், கதை அங்கேயே முடிந்திருக்கும். நம் நாட்டிலும் வேகத்துக்கு என்று இடம் இருந்தது. சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதையில், பல ஆண்டுகள் மோட்டார் பந்தயம் நடந்தது. பட்டறைகளில் திருத்திய வண்டிகளை அங்கேதான் கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தார்கள். பின்னால் இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென்றே பாதை அமைத்தார்கள். சாலையில் ஓடும் வண்டியைக் கம்பெனி செய்த அமைப்பில் இருந்து மாற்றுவது, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி குற்றம். பட்டறை மெக்கானிக் இதையும் அந்த வாலிபருக்கு எடுத்துச் சொன்னார். ஆனால் படத்தைக் காட்டிய பிறகுதான் சொன்னார்.

கடைசிக் காலம்

அமெரிக்கப் பத்திரிகை ஒன்று அவர் பெயரின் எழுத்தை மாற்றி அச்சிட்டது. அது வரை அவர் பெர்ட். பத்திரிகை பர்ட் என்று போட்டது. நம் ஆட்களாக இருந்தால் மறுப்புக் கடிதம் எழுதியிருப்பார்கள். அவர், அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டார். உலகத்துக்கு அவர் பர்ட் மன்றோ ஆனது அப்படித்தான்.

நியூசிலாந்தில் இருந்து ஒரு இளைஞர் வந்து, பான்வில்லுக்கு அவரோடு போய், அவரைப் பற்றி ஒரு செய்திப் படம் எடுத்தார். அந்த இளைஞர் பெயர் ரோஜர் டொனால்ட்சன். மன்றோவின் உருவம் அவர் மனதை விட்டுப் போகவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு, 2005-ல், அதே டொனால்ட்சன், ஆண்டனி ஹாப்கின்ஸ் என்ற பெரிய நடிகரை மன்றோவாக நடிக்க வைத்து ஒரு சினிமா எடுத்தார். உலகத்திலேயே வேகமான இந்தியன் என்பது அதன் பெயர். அதன் பிறகுதான் மன்றோவின் படம் உலகத்தின் பட்டறைச் சுவர்களில் எல்லாம் ஏறிற்று. களியக்காவிளைக்கும் வந்து சேர்ந்தது.

அதைப் பார்க்க மன்றோ இல்லை. இருதயம் பலவீனமாகிக்கொண்டே வந்தது. பக்கவாதமும் தாக்கியது. இனி ஓட்ட முடியாது என்று தெரிந்ததும், தம் இரண்டு வண்டிகளையும் இன்வர்கார்கிலில் ஹேய்ஸ் என்ற இரும்புச் சாமான் கடைக் குடும்பத்துக்கு விற்றார். வெளியூருக்கு விற்றிருந்தால் கூடுதல் பணம் கிடைத்திருக்கலாம். வண்டி ஊரை விட்டுப் போகக் கூடாது என்பது அவர் எண்ணம்.

1978-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி மன்றோ காலமானார். வயது 78.

36 ஆண்டு கழித்து

இனி, அந்தப் பிள்ளை செய்த காரியம்.

மன்றோவின் மகன் ஜான், தகப்பனாருடைய 1967-ம் ஆண்டு சாதனையின் பழைய கணக்கை எடுத்துப் பார்த்தார். போன வேகம், வந்த வேகம், சராசரி. ஏதோ இடித்தது. மறுபடியும் கூட்டிப் பார்த்தார். சராசரி எடுத்ததில் பிழை இருந்தது! தகப்பனாருக்குச் சேர வேண்டிய வேகத்தைக் குறைத்து எழுதிவிட்டார்கள்.

அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கத்துக்கு விஷயம் போயிற்று. அவர்கள் சரிபார்த்தார்கள். 2014-ம் ஆண்டு, சாதனையைத் திருத்தி அறிவித்தார்கள். 183.59 மைல் என்று இருந்தது, 184.087 மைல் ஆயிற்று. ஏறத்தாழ அரை மைல்தான் வித்தியாசம். செத்து 36 ஆண்டு கழித்து, மன்றோவின் வண்டி இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடியது!

இரவெல்லாம் பட்டறையில் கிடந்து, வீட்டில் இல்லாமல் போன ஒரு தகப்பனுக்காக, ஒரு மகன் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார்.

என் கிளட்ச் கம்பியை மாட்டி முடித்துவிட்டு, மெக்கானிக் அந்த வாலிபரின் வண்டிக்குப் போனார். சங்கிலியைச் சுத்தம் செய்து, தொய்வைச் சரி செய்து, எண்ணெய் போட்டார். அடைந்து கிடந்த காற்று வடிகட்டியைத் தட்டிக் காட்டிவிட்டுப் புதிது மாட்டினார். பின் டயரில் காற்று குறைந்திருந்தது, அடித்துவிட்டார். வாலிபர் மார்த்தாண்டம் பக்கமாக ஒரு ஓட்டம் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். முன்பைவிட வண்டி துள்ளுகிறது என்றார். கிளம்பும் முன், சுவர்ப் படத்தைத் தம் கைபேசியில் பிடித்துக்கொண்டார்.

அந்தச் சிவப்பு வண்டியின் நிஜம், இன்வர்கார்கிலில் அந்த இரும்புக் கடையிலேயே இருக்கிறது. ஆணி வாங்கவும், திருகு வாங்கவும் வருகிறவர்களுக்கு நடுவில் நிற்கிறது. உடைந்த பிஸ்டன்கள் ஏறிய அந்தக் காணிக்கைத் தட்டுக்குச் சொந்தமான என்ஜினின் எண், 50 ஆர் 627.